மார்கழி ஏற்காடும் ஈரச் சாக்ஸும்

ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு ஆட்டோக்காரர் 250 ரூபாய் வாங்கினார். காலை ஆறரை மணி, எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி, வேறு வண்டியே இல்லை; பேரம் எங்கே பேசுவது? அந்தக் காசுக்கு மலையில் உண்மையிலேயே தேவைப்படும் பொருள் ஒன்று கிடைத்திருக்கும்: ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்காததால் இந்தக் கட்டுரையில் காசுக் கணக்கு அடிக்கடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணம் ஏரியில் படகு விடுவதற்கோ பகோடா பாயின்ட்டில் செல்ஃபி எடுப்பதற்கோ இல்லை. ஆறுமணிக் குருவிக்காக. குளிர்காலத்தில் தெற்கே வலசை வரும் பறவை. விடியலிலும் அந்தியிலும் கூவும், மரத்தடிச் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். தேடி அலைந்தால் கண்ணில் படாது. காபித் தோட்டத்து ஓரம் ஓரிடத்தில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கால் கட்டைவிரல் மரத்துவிடும். கேமராவைத் தூக்கிக்கொண்டு பாதியில் எழுந்து வருகிறவர்களில் பெரும்பாலோரைத் துரத்துவது இந்த விரல்தான்.

குளிர் நாடுகளில் மான் வேட்டைக்கும் வாத்து வேட்டைக்கும் போகிறவர்களுக்கு இது பழைய தலைவலி. நம்மூரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, நல்லதுதான். ஆனால் பாதத்தைப் பற்றி அவர்கள் கற்றுவைத்திருப்பது பறவை பார்க்கிறவர்களுக்கு அப்படியே பயன்படும். அதன் சாரம் இது: நடக்க ஒரு சாக்ஸ், உட்கார வேறு சாக்ஸ்.

ஏன் என்று கணக்குப் பார்ப்போம். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர்கூட இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கீழே 21 டிகிரி என்றால் மேலே 13 வாக்கில் இருக்கும். 13 டிகிரி ஒரு குளிரா என்று கேட்கலாம். உலர்ந்த காலுக்கு இல்லை. ஈரக் காலுக்கு ஆமாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். 16 டிகிரியில்கூட, பாதம் மணிக்கணக்கில் ஈரத்திலேயே ஊறினால் தோல் வெளுத்து, சுருங்கி, உணர்விழந்து புண்ணாகும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களுக்கு வந்தது இதுதான். உறைபனி தேவையே இல்லை.

அந்த ஈரம் மழையிலிருந்துதான் வருகிறது என்று நினைப்பது தப்பு. பாதி வேர்வை. மேடேறி வந்த பாதம் சாக்ஸை நனைத்துவிடும். நடக்கிறவரை சூட்டில் தெரியாது. உட்கார்ந்ததும் ரத்த ஓட்டம் தணியும், அந்த வேர்வையே பனிக்கட்டி போலச் சில்லிடும். ஆகவே மெல்லிய நைலான் அல்லது பாலியஸ்டர் சாக்ஸோடு நடந்து போங்கள். இடத்துக்குப் போனதும் ஷூவைக் கழற்றி, கால் விரல் இடுக்கு உட்படத் துடைத்து, இரண்டு நிமிடம் காற்றாட விட்டு, பையில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருக்கும் உலர்ந்த கம்பளி சாக்ஸை மாட்டுங்கள். அவ்வளவுதான் ரகசியம். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். அது தண்ணீரைக் குடித்துவிட்டுத் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயவும் காயாது. கம்பளி ஈரத்தைத் தன் நூலுக்குள் இழுத்துக்கொண்ட பிறகும் ஓரளவு சூடு காக்கும்.

குளிருது என்று மூன்று சாக்ஸைத் திணிப்பவர்கள் உண்டு. ஷூ இறுகும், ரத்தம் போகாது, இன்னும் குளிரும். விரல்களை உள்ளே தாராளமாக ஆட்ட முடிகிறதா என்று பாருங்கள்; முடியாவிட்டால் ஒரு சாக்ஸைக் கழற்றுங்கள். புது ஷூ வாங்குவதாக இருந்தால் கம்பளி சாக்ஸைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். சாயங்காலம் போவது நல்லது, பாதம் அப்போது கொஞ்சம் உப்பியிருக்கும். பெரும்பாலும் அரை அளவு முதல் ஓர் அளவு வரை கூட வேண்டியிருக்கும்.

வரிசையாக ஷூ, சாக்ஸ், பேன்ட் என்று எழுதத்தான் உட்கார்ந்தது. ஆனால் சேலத்துத் தட்டுவடை செட்டை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் பாவம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலே காரச் சட்னி, புதினாச் சட்னி. மலையிலிருந்து இறங்கி நடுங்கிக்கொண்டே ஒரு செட் வாங்கி, சட்னி வழிய வழிய வாயில் போட்டால் காது வரைக்கும் சூடேறும். ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜியின் விலையையும் எண்ணெயையும் பார்த்தால், பசியைக் கட்டிக்கொண்டு சேலம் வரை வருவதே மேல்.

சரி, ஷூ. பல ஆயிரம் ரூபாய் வாட்டர்ப்ரூஃப் ட்ரெக்கிங் ஷூ இரண்டு நாள் ஏற்காட்டுக்கு வீண் செலவு. காபித் தோட்டப் பாதையில் இடுப்புயரப் புல். அதில் நிற்கும் பனி பேன்ட்டை நனைக்கும், பேன்ட்டில் இருந்து சாக்ஸுக்கு இறங்கும், சாக்ஸ் வழியாக ஷூவுக்குள் போகும். மேல்வாய் வழியாகப் போன தண்ணீருக்கு வாட்டர்ப்ரூஃப் ஷூ ஒரு வாளி மாதிரி, வெளியே விடாது. சாதாரண ஷூ போட்டுக்கொண்டு, காலி உரச்சாக்கை முழங்காலுக்குக் கீழிருந்து ஷூ நாடா வரை மூடும்படி வெட்டி, மேலும் கீழும் கயிற்றால் கட்டினால் போதும். செலவு சுழியம். பார்க்க அசிங்கம்தான், ஆறுமணிக் குருவி ஒன்றும் சொல்லாது.

இன்னொரு வழி தோட்ட வேலைக்காரர்கள் போடும் ரப்பர் கம்பூட்ஸ். உரக்கடை, ஹார்டுவேர் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. வேர்வை வெளியேயும் போகாது, அதனால் சாக்ஸ் மாற்றுவது இதில் இரட்டிப்பு அவசியம். பேன்ட்டை பூட்ஸுக்குள் செருகாதீர்கள், வெளியே விடுங்கள். செருகினால் பனித்தண்ணீருக்கு நீங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது போல. கிளியூர் அருவிப் பக்கம் மட்டும் இந்த பூட்ஸ் ஆகாது. அடிப்பாகம் தேய்ந்திருந்தால் பாசிப் பாறையில் சோப்புப் போல வழுக்கும்.

உட்காரும்போது ஈரத்தரை ஷூவின் அடிப்பாகம் வழியாகச் சூட்டை உறிஞ்சும். பழைய யோகா மேட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டிக் காலடியில் போடுங்கள். மேட் இல்லையென்றால் நான்காக மடித்த கோணிச்சாக்கு. தலைக்குக் குல்லா, கழுத்துக்கு மஃப்ளர் கட்டாயம்: உடம்பு நடுப்பகுதி குளிர்ந்தால் அது முதலில் ரத்தத்தைக் குறைப்பது கை கால் விரல்களுக்குத்தான். பைக்கில் ஏறுகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவிலும் காற்று விரலில் அடிக்கும் என்பதை மறக்கக்கூடாது. மெல்லிய சாக்ஸுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் ஷூ. கவர் காற்றைத் தடுக்கும். மேலே போனதும் கழற்றிவிடுங்கள், உள்ளே வேர்த்திருக்கும்.

சாயங்காலம் அறையில் செய்ய வேண்டியது. ஷூவின் உள்தகட்டை உருவித் தனியே வையுங்கள். நாளிதழைக் கசக்கி முனை வரை திணியுங்கள். மணிக்கு ஒரு முறை மாற்றினால் தூங்கப் போவதற்குள் பாதி ஈரம் போய்விடும். கேம்ப்ஃபயர் ஓரத்தில் வைப்பது முட்டாள்தனம். தோல் வெடிக்கும், பசை இளகி அடிப்பாகம் பிளக்கும், மறுநாள் காலை வாய் பிளந்த ஷூவோடு ஆட்டோவுக்குத் தவம் கிடக்க வேண்டியதுதான். பசையில் மட்டும் ஒட்டிய ஷூவைக் கிளம்பும் முன்பே செருப்பு தைப்பவரிடம் கொடுத்து சுற்றித் தையல் போட்டுவிடுங்கள். வீடு திரும்பியதும் கம்பளி சாக்ஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாக விரிக்கவும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டு, அடுத்த மார்கழிக்கு முழங்கால் வரை வரும்.