‘லி’ செய்த வேலை: ரைட்டிங் 6-லிருந்து 7

போன வாரம் ரிசல்ட் வந்தது. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வு, ரைட்டிங்கில் 7. முதல் தடவை 6 வந்தபோது, கட்டின பீஸ் எல்லாம் போச்சே என்று இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றும் அப்போதே தேறிவிட்டன, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடைத்தாள் நம் கைக்கு வராது. அதனால் வீட்டில் எழுதிப் பழகிய நோட்டை, ஆங்கிலம் சொல்லித்தரும் பெரியம்மா மகளிடம் நீட்டினேன். சம்பளம் பற்றிய கட்டுரை, ரைட்டிங்கில் இரண்டாவது கேள்வியான டாஸ்க் 2. ‘ஹார்ட்லி ஒர்க்’ செய்கிறவர்களுக்குக் கூடுதல் சம்பளம் தரவேண்டும் என்று எழுதியிருந்தேன். அக்கா பேனாவை அங்கேயே நிறுத்திவிட்டாள். “வேலையே செய்யாதவனுக்கு எதுக்குடா சம்பள உயர்வு?”

எல்லாம் நம் ‘ஆக’ செய்கிற வேலை. கடுமையாக, வேகமாக என்று ஒட்டிப் பழகிய கை, ஆங்கிலத்திலும் ‘லி’யை (-ly) ஒட்டிவிடுகிறது. கடுமையாக உழைக்க ‘ஹார்ட்’ மட்டும் போதும். ‘ஹார்ட்லி’ போட்டால் உழைப்பே இல்லை என்றாகிவிடும். ‘ஃபாஸ்ட்லி’யோ ஆங்கிலத்திலேயே கிடையாது.

வரைபடம் போன்றவற்றை விவரிக்கும் டாஸ்க் 1-லும் இதே கதைதான். கோடு மேலே போனால் ‘ஹைலி இன்க்ரீஸ்ட்’ என்று போட்டுவந்தேன், ‘மிகவும் உயர்ந்தது’ என்ற நினைப்பில். அர்த்தம் புரியும், ஆனால் அப்படி யாரும் எழுதுவதில்லை. 7-க்கான அளவுகோலில் எந்தச் சொல்லோடு எது சேரும் என்ற விவரமும் உண்டு.

அப்புறம் வேறு நோட்டு போட்டேன். முதலில் வினைச்சொல், பக்கத்தில் அதன் ஜோடிகள்:

- ரைஸ்: ஷார்ப்லி, ஸ்டெடிலி, ஸ்லைட்லி
- டிபெண்ட்: ஹெவிலி, லார்ஜ்லி
- பிலீவ்: ஃபர்ம்லி, ஸ்ட்ராங்லி
- ரிக்ரெட்: டீப்லி
- ரெக்கமெண்ட்: ஸ்ட்ராங்லி, ஹைலி (ஹைலிக்கு இங்கே இடம் உண்டு, இன்க்ரீஸ் பக்கம் விடாதீர்கள்)
- ‘ஸ்பீக் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்’ கூடாது. இங்கிலீஷ் முதலில், ஃப்ளூயன்ட்லி கடைசியில்.

நாற்பது ஜோடிக்கு மேல் நான் சேர்க்கவில்லை. மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்கிறவர்கள் செய்யட்டும், எனக்குப் பாதியில் மறந்துபோகும். இரண்டாவது தடவை தேர்வில், டாஸ்க் 2-க்கான 40 நிமிடத்தில் கடைசி மூன்றை மட்டும் ஒதுக்கி, ‘லி’ வரும் இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது பத்தியில் ஒன்று மாட்டியது. அதே ஹார்ட்லி. கம்ப்யூட்டர் தேர்வு என்பதால் இரண்டு எழுத்தை அழிப்பதோடு முடிந்தது.