தப்பான விடையை யோசித்துப் போடுங்கள்

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிப் பயிற்சி. அதற்குக் கிளம்பும் ஆசிரிய மாணவரிடம் 'கணினித் திறன்' என்றால் பவர்பாயிண்ட்டைத்தான் காட்டுவார். எழுத்து பறந்து வரும். எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்று அது சொல்லாது. கூகுள் ஃபார்மில் (இணையத்தில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் படிவம்) நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் ஒரே ஒரு கேள்வியை ஒழுங்காகப் போடக் கற்பது அதைவிடக் கடினம், பயனும் அதிகம்.

1/2 + 1/3 எவ்வளவு? விடை 5/6. கூட இருக்கும் மூன்று தப்பான விடைகளை வாய்க்கு வந்தபடி போடக்கூடாது. 2/5 என்பவர் மேலையும் கீழையும் தனித்தனியாகக் கூட்டியவர். 2/6 என்பவர் பகுதியை 6 ஆக்கிவிட்டு, தொகுதியை மாற்ற மறந்தவர். 1/6 என்பவர் பெருக்கிவிட்டார். இப்படிப் போட்டால் மதிப்பெண்ணோடு தவற்றின் காரணமும் கையில் கிடைக்கும். பயிற்சி மாணவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். அது கணினி தெரியாததால் அல்ல. பிள்ளைகள் எப்படித் தப்பு செய்வார்கள் என்று யோசித்துப் பழகாததால்.

தட்டச்சில் ஒரு பொறி உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஃபார்மில் குப்பையாக வரும். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு குறியீட்டில் அடிக்க வேண்டும். விசைப்பலகை தமிழ்99 ஆனாலும் ஒலிபெயர்ப்பு ஆனாலும் சரி.

வீட்டுக்கு அனுப்பும் ஃபார்மில் 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். அது கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். அப்பாவின் போன் ஒன்றுதான் இருக்கும். அக்கா பதில் அனுப்பியதும் தம்பிக்குக் கதவு சாத்திக்கொள்ளும். அதற்குப் பதில் வரிசை எண்ணைக் கட்டாயக் கேள்வியாக வையுங்கள். பெயரை மட்டும் கேட்டால் ஒரே பிள்ளை மூன்று விதமாக எழுதும், பதில்கள் சேரும் ஷீட்டில் வரிசைப்படுத்த முடியாது.

வகுப்பில் பிள்ளைகளிடம் போன் இருக்காது. அங்கே பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலியின் அட்டைகள் கைகொடுக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண்ணிட்ட அட்டை. நடுவில் ஒரு கறுப்பு வடிவம், நான்கு பக்கமும் A, B, C, D. தான் நினைக்கும் விடையின் எழுத்து மேலே வரும்படி பிடித்தால், ஆசிரியர் தன் போனில் அந்தச் செயலியைத் திறந்து, கேமராவால் வகுப்பை ஒரு சுற்று பார்த்துப் பதிவு செய்யலாம். கேள்வியைக் கரும்பலகையில் எழுதினால் போதும், புரொஜெக்டர் வேண்டாம். அட்டையைப் பளபளப்பாக லேமினேஷன் செய்யாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. கறுப்பு வடிவத்தின் மேல் விரல் பட்டாலும் அப்படியே. எழுத்து ஓரத்தில் பொடியாக இருப்பதும் நல்லதற்குத்தான்: பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுத முடியாது.

நாற்பது பேரில் பதினைந்து பேர் 2/5 காட்டினால்? அடுத்த ஸ்லைடுக்குப் போகாதீர்கள். ஒரே நீளத்தில் காகிதப் பட்டைகளை வெட்டி ஆறாக மடிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மூன்று பங்கு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு. பிள்ளைகள் தாங்களே எண்ணிப் பார்க்கட்டும். பிறகு அதே கேள்வியை 1/2 + 1/4 என்று மாற்றி, அட்டையை மறுபடி தூக்கச் சொல்லுங்கள்.