கெட் எங்கே போனான்?

இரண்டாம் புத்தகத்தைத் திறந்து நாற்பது பக்கம் போயும் கதாநாயகன், மந்திரவாதி கெட்டைக் காணவில்லை என்றதும் எனக்குச் சரியான கடுப்பு. உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் 1968இல் வந்த முதல் புத்தகம் முழுக்க அவனோடு படகேறித் தீவு தீவாகத் திரிந்தவளுக்கு, 'தி டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' காட்டுவது பாலைவனத்துக் கோயில் ஒன்றையும், பெயரைப் பிடுங்கி 'விழுங்கப்பட்டவள்' என்று ஆக்கி இருட்டுக்குப் பூசை செய்ய விட்ட ஒரு சின்னப் பெட்டையையும்தான்.

அப்புறம் அவள் நிலத்துக்கடியில் இறங்கினாள் பாருங்கோ. அங்கே விளக்கே கூடாது. சுவரைத் தடவி, எத்தனையாவது திருப்பம் என்று எண்ணியெண்ணித்தான் நடக்கவேண்டும்.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கிளிநொச்சியில் பங்கருக்குள் இருந்து வளர்ந்த எங்களுக்கு, பனங்குற்றி எங்கே முடிகிறது, அம்மம்மாவின் கால் எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். வெளியே வந்தால் ஜாம் போத்தல் விளக்கு, அடியில் பஞ்சு, அது நனைய மட்டும் மண்ணெண்ணெய்.

அதனாலோ என்னவோ, அந்தக் குகையில் அவள் முதன்முதலாக வெளிச்சத்தைக் காணும்போது (கெட்டின் கோல்தான், சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்) எனக்கும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவன் அவளை டெனார் என்று பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தை மூன்று தரம் வாசித்தேன்.

புத்தகம் அனுப்பிய கனடா மருமகள் இரண்டோடு நிறுத்திவிட்டாள். மூன்றாவது யாரிடமாவது இருந்தால் தாருங்கோ, மடிக்காமல் திருப்பித் தருவேன்.