மூண்டும் ஒண்டுதானே?

"தங்கச்சி, மூண்டும் ஒண்டுதானே?" என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அண்ணா தொலைபேசியில் கேட்டார். "ஓம் அண்ணா, ஒண்டுதான்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு, அரை நிமிடம்கூட இருக்காது. வார்டுகளிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி லாப்புக்கு வந்த, கிருமி வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் போத்தல்கள் மேசையில் குவிந்து கிடந்த நேரம், ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொன்ன பதில். மூன்று வருடமாகிறது. அந்த "ஓம்" இன்னும் என்னை விடவில்லை.

ஒரே ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கு நாலு வயது, மற்றதுக்கு ஐந்து. காய்ச்சல், வயிற்றுக்குத்து, இரத்தமும் சளியுமாகப் போகிறது. மூன்றாவது ஆள் அந்த ஒழுங்கை முகப்பில் இடியப்பம் அவித்து விற்கிற அக்கா. வார்டிலிருந்து நோயை அறிவிக்கிற எச் 544 படிவம் போன மறுநாளே பி.எச்.ஐ. அண்ணா வீடு வீடாகப் போய் விசாரணைப் படிவமான எச் 411 நிரப்பியிருக்கிறார். இரண்டு வீட்டிலும் காலைச் சாப்பாடு அவவிடம்தான், அவவுக்கும் வயிறு சரியில்லை. உடனே அவவிடமும் மலமாதிரி எடுத்து அனுப்பினார். அவர் செய்ததில் நான் ஒரு பிழையும் சொல்லமாட்டேன். வெயிலில் மோட்டார் சைக்கிளில் அலைந்து இப்படி வேலை செய்கிறவர்கள் இருப்பதால்தான் வயிற்றுளைவு ஒரு ஒழுங்கையோடு நிற்கிறது.

மூன்று பேரின் மாதிரியையும் வளர்த்த மூன்று பிளேட்டிலும் ஷிகெல்லா சொன்னெய் என்ற வயிற்றுளைவுக் கிருமி வளர்ந்தது. நான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. நாலிடிக்சிக் அசிட் என்ற மருந்து ஊறிய வட்டைச் சுற்றிக் கிருமி வளராத இடமே இல்லை, வட்டின் விளிம்பு வரை கிருமி படர்ந்திருந்தது. கோட்ரைமொக்சசோலும் அப்படித்தான். செப்ட்ரியாக்சோனைச் சுற்றி மட்டும் அகலமாக, தெளிவாக ஒரு வட்டம். அடிமட்டம் வைத்து அளந்தால் மூன்றிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு "ஒண்டு" என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

இப்படித்தான் கனநாள் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சொன்ன "ஒண்டு" வேறு, அவர் கேட்ட "ஒண்டு" வேறு. நான் சொன்னது மூன்றும் ஒரே இனம், ஒரே மருந்துகளுக்கு மசியவில்லை என்பது. அவர் கேட்டது இந்தப் பிள்ளைகளுக்கு அவவிடமிருந்து வந்ததா என்பது. அது எனக்கு அந்த நேரமே விளங்கியது. விளங்கவில்லை என்று இப்போது எழுதினால் பொய்.

ஷிகெல்லாவின் இன்னோர் இனமான பிளெக்ஸ்னரி என்றாலாவது அதற்குள் சீரத்தால் பிரித்தறிகிற செரோ வகைகள் பத்துக்கு மேல் இருக்கின்றன, வகை பார்த்துக் கொஞ்சமாவது பிரிக்கலாம். சொன்னெய்க்கு இருப்பதே ஒரே வகை. கண்ணாடித் துண்டில் ஒரு துளி சீரம் விட்டுக் கிருமியைக் கலக்கி ஆட்டினால் தயிர் திரைந்த மாதிரிக் கட்டிபடும், சொன்னெய் என்று தெரியும், அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. மருந்துக்கு மசியாத தன்மையை வைத்துப் பிரிக்கலாம் என்றால், அதுவும் இப்போது எங்கும் பரவிக் கிடக்கிறது. சிப்ரோ (சிப்ரோபுளொக்சசின்) போன்ற மருந்துகளுக்கு மசியாத ஷிகெல்லாவை உலக சுகாதார நிறுவனம் 2017இலேயே முன்னுரிமைக் கிருமிகளின் பட்டியலில் போட்டுவிட்டது. மூன்று பேரின் காலிலும் ஒரே மாதிரிச் செருப்பு என்பதற்காக மூன்று பேரும் ஒரே வீட்டார் ஆகிவிட மாட்டார்கள். ஊர்க் கடைகளில் அந்தச் செருப்பு ஒன்றுதான் விற்கிறது என்றும் இருக்கலாம்.

வியட்நாமில் அப்படித்தான் நடந்திருக்கிறது. 2013இல் வெளியான ஆய்வு ஒன்றைப் பிறகு வாசித்தேன். 1980களின் தொடக்கத்தில் அந்த நாட்டுக்குள் நுழைந்த சொன்னெய்யின் ஒரேயொரு கிளை ஹோ சி மின் நகரில் வேர்விட்டு, அங்கிருந்து நடு வியட்நாமின் ஹியூ, கான் ஹோவா வரை போயிருக்கிறது. போகிற வழியில் மருந்துகளைத் தாங்கும் மரபணுக்களையும், தன் சொந்தக்காரக் கிருமிகளையே கொல்கிற கொலிசின் என்ற நஞ்சையும் சேர்த்துக்கொண்டு, பழைய கிளைகளை ஒதுக்கிவிட்டிருக்கிறது. இதையெல்லாம் மரபணுத் தொடர் முழுவதையும் எழுத்து எழுத்தாக வாசித்துத்தான் கண்டுபிடித்தார்கள். பிளேட்டை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. வாசித்து முடித்தபோது எனக்குக் கை சில்லிட்டது. திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் தீவின் எல்லா மூலையிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து போகிற ஊர் இது. பத்துக் கிருமி வயிற்றுக்குள் போனாலே போதும் என்கிற நோய். அந்த மூன்று பேருக்கும் மூன்று வழியால் வந்திருக்கலாம். அவவிடமிருந்தே வந்தும் இருக்கலாம்.

எங்கள் கையில் மரபணு வாசிக்கிற வசதி இல்லை, அது என் குற்றம் இல்லை. ஆனால் மூன்றையும் கிருமியை உயிரோடு வைத்திருக்கிற சாய்வு அகாரில் எடுத்து வைத்துப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கலாம், அது என் கையில் இருந்தது. செய்யவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிரிட்ஜில் இடமில்லை என்று மற்றப் பிளேட்டுகளோடு சேர்த்து மூன்றையும் நீராவியால் கிருமி கொல்கிற ஒட்டோகிளேவுக்குள் போட்டேன். 121 பாகையில் எல்லாம் முடிந்தது. இனி யார் வந்து கேட்டாலும், எந்த இயந்திரம் வந்தாலும், கேட்டுப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

அக்காவின் வியாபாரத்தை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரிதான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. வயிற்றுளைவோடு ஒருவர் மாவு பிசையக்கூடாது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பார்க்கத் தேவையே இல்லை. ஆனால் ஒழுங்கைக்குப் போன கதை வேறு. "லாப்பில சொல்லிட்டினமாம், இடியப்பக்காரியிட்ட இருந்துதான் வந்ததாம்." என் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயரும் மருந்துகளின் பட்டியலும் தவிர ஒரு வார்த்தை கிடையாது. நோய் வந்தால் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் எங்கள் நாட்டில் 1897இல் வந்தது, ஷிகா என்ற ஜப்பானிய மருத்துவர் இந்தக் கிருமிக் குடும்பத்தின் முதலாவதைக் கண்டுபிடித்ததும் அதே வருடம்தான், எனக்குத் தெரிந்த எந்தப் படிவத்திலும் "யாரிடமிருந்து" என்று லாப் நிரப்புவதற்கு ஒரு பெட்டி இல்லை. அதை நான் வாயால் நிரப்பினேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு மூன்றாம் முறை மாதிரி கொடுக்க அக்கா லாப் ஜன்னலுக்கு வந்தா. முதல் இரண்டிலும் கிருமி இல்லை. அப்போதுதான் சொன்னா, மகளின் பிள்ளையும் அந்த இரண்டு பிள்ளைகளோடு ஒரே முன்பள்ளிக்குத்தான் போகிறது, அவவுக்கு வருவதற்கு முதல்நாள் அதற்கும் வயிற்றால் போனது, கழுவி விட்டது தான்தான் என்று. முன்பள்ளிகளில் கையிலிருந்து கைக்குத் தாவுவதில் சொன்னெய் பேர்போனது. அந்தப் பிள்ளையின் மாதிரி எங்களுக்கு வரவே இல்லை. அப்படியென்றால் அவ தொடக்கம் இல்லை, கடைசி ஆளாக இருக்கலாம். ஒரு மாதம் கழித்து ஒருவர் சொல்கிற நாள் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதும் எனக்குத் தெரியாது.

இதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. போன வருடம் வேறு பக்கத்துப் பி.எச்.ஐ. ஒருவர், ஒரு விடுதிச் சமையல்காரரின் மாதிரியையும் இரண்டு மாணவர்களின் மாதிரியையும் பற்றி இதே கேள்வியைக் கேட்டார். நான் கவனமாக, "அப்பிடிச் சொல்லேலாது சேர், அனுப்பிப் பாக்கோணும்" என்றேன். அவர் பொறுத்திருந்தார். பொறுத்திருந்த நாட்களில் இன்னும் நாலு பிள்ளைகள் வார்டுக்கு வந்தார்கள். சமையல்காரரை அதற்கிடையில் நிறுத்தி வைக்கலாம் என்று நானும் சொல்லவில்லை, அது என் வேலையில்லை என்று இருந்துவிட்டேன். ஒருமுறை சொல்லிக் கெடுத்தேன், ஒருமுறை சொல்லாமல் கெடுத்தேனோ என்று இருக்கிறது. இப்போது பிரிட்ஜின் மேல்தட்டில் சாய்வுப் போத்தல்களைத் திகதி எழுதி வரிசையாக வைத்திருக்கிறேன். யாரும் அவற்றைத் தொடக்கூடாது என்று வைத்திருக்கிறேன். அது கிருமிக்கு.

அன்று ஜன்னலில் அக்கா போகவில்லை. மாதிரிப் போத்தலை உள்ளே தள்ளிவிட்டு, "மிஸ், என்னால வரேல்ல எண்டு ஒரு துண்டில எழுதித் தாங்கோவன், கடையில ஒட்டி வைக்க" என்று கேட்டா. வியாபாரம் தொடங்க விட்டாலும் அந்த ஒழுங்கையில் யாரும் வாங்க மாட்டார்களாம்.

"அப்பிடி எழுதேலாது அக்கா" என்றேன். "அது லாப்பில பாத்துச் சொல்ற விஷயமில்ல."

"அப்ப அண்டைக்கு எப்பிடிச் சொன்னீங்கள்?"

அவ கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டா. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்களின் இடுக்கில் மாவு வெடிப்பு இன்னும் ஆறாமல் வெள்ளையாக இருந்தது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். நான் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டேன்.