லாஸ்பேட்டை மாடியில் டாங்கோ

நவம்பர் 9, 2024, சனி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நான் நடத்தும் டாங்கோ ஜோடி நடன வகுப்பில் புது பேட்ச் ஆரம்பம். வழக்கம்போல ஆண்கள் ஒரு சுவரோரம், பெண்கள் எதிர்ச் சுவரோரம். "அக்கா, முதல்ல எந்த ஸ்டெப்?" என்றார்கள். இன்றைக்கு நடை மட்டும்தான் என்றேன். உடம்பின் பாரம் முழுக்க ஒரு காலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்த கால் நகர வேண்டும். பாதி பாரத்தைப் பின்னாலேயே விட்டுவிட்டு வருகிறவர் எந்தப் பக்கம் போகப்போகிறார் என்று ஜோடிக்குத் தெரியாது. இன்னொன்று, ரப்பர் அடி ஷூ மொசைக் தரையில் ஒட்டிக்கொள்ளும். திரும்பும்போது முட்டிதான் மாட்டும். தோல் அடி வைத்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

கை பிடிக்கவே கூச்சப்படுகிறார்கள். அதை நான் குறையாக நினைக்கவில்லை. ஆனால் அணைப்பு இல்லாமல் டாங்கோ இல்லை, அதை மழுப்பிச் சொல்லித்தரவும் மாட்டேன். முன்கையைப் பிடித்துத் தொடங்கலாம். அதற்கு மேல் நெருங்குவது ஜோடிக்குச் சம்மதமானால் மட்டுமே.

இன்று பையன்களைப் பையன்களோடே ஆடவிட்டேன். சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் சொன்னேன்: ஒரு காலத்தில் அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸில் ஆண்கள் தங்களுக்குள்தான் பழகினார்கள், முதலில் ஃபாலோ (ஜோடி நடத்துகிறபடி ஆடுவது) கற்றுக்கொண்டு பிறகு லீட் (ஜோடியை நடத்துவது) பண்ணினார்கள். அதைக் கேட்ட பிறகு பையன்கள் ஒழுங்காக ஆடினார்கள். பின்னோக்கி நடந்து பார்த்தவனுக்குத்தான், எதிரில் இருப்பவர் தள்ளினால் எப்படி இருக்கும் என்று தெரியும். அதேபோல் பெண்கள் எல்லோரும் லீட் கற்றே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நவம்பர் 23, சனி

பரதநாட்டியம் பல வருடம் ஆடிய பெண் ஒருத்தி வருகிறாள். தாளம் பிசகவே பிசகாது. டி சார்லி இசைக்குழுவின் நிதானமான பாட்டைப் போட்டதுமே காலம் பிடித்துவிட்டாள். சிரமம் பாதத்தில்தான். அரைமண்டியில் விரிந்தே பழகிய முட்டிகள், ஓச்சோ என்ற எட்டு வடிவத் திருப்பத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போக வேண்டும். தட்டி வைத்துப் பழகிய பாதம் தரையைத் தடவிக்கொண்டு போக வேண்டும். பார்வையும் சபையை நோக்கியே போகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஆடச் சொன்னேன். ஜோடியின் மூச்சு நெஞ்சில் தெரிகிறதா என்று கேட்டேன். பாட்டு முடிகிற சமயம் தலையாட்டினாள்.

கடைசியாகத் தாரியென்சோ இசைக்குழுவின் வேகமான பாட்டு. அந்த வேகத்தில் எல்லோரும் ஓடினார்கள். இரண்டு தாள அடிக்கு ஒரு எட்டு போதும் என்று நிறுத்திக் காட்டினேன்.

டிசம்பர் 2, திங்கள்

ஃபெஞ்சல் புயல் அடித்துவிட்டுப் போய்விட்டது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகர்ப் பக்கத்து மாணவர் வீட்டில் முட்டியளவு தண்ணீர். வகுப்பு இல்லை.

டிசம்பர் 7, சனி

வருகிற புதன்கிழமை என் மாணவர்கள் ஆடப்போகும் நிகழ்ச்சியை நடத்துகிறவரிடமிருந்து போன். சிவப்பு கவுன், வாயில் ரோஜா, காலைத் தூக்கி வீசுகிற அயிட்டம், இதெல்லாம் வேண்டுமாம். மாட்டேன் என்றேன். மேடை டாங்கோ தாழ்ந்தது என்று சொல்லவில்லை. 2003 முதல் ப்யூனஸ் அயர்ஸில் நடக்கும் உலகப் போட்டியிலேயே அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நான் சொல்லித்தருவது கூடத்தில் ஆடும் டாங்கோ. எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றிவரும் இடத்தில் காலை வீசினால் பக்கத்து ஜோடியின் கெண்டைக்காலில்தான் விழும். மாணவர்கள் கற்றதையே ஆடட்டும். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு சரி என்றார்.

டிசம்பர் 11, புதன்

டாங்கோ பாடகர் கார்தெல், இசைக்குழுத் தலைவர் தெ காரோ இருவருக்கும் பிறந்த நாள் என்பதால் அர்ஜென்டினாவில் இன்று டாங்கோ தினம். கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு முற்றத்தில் ஆடினோம். பரதநாட்டியக்காரப் பெண்தான் லீட், அவளுடைய அண்ணன் ஃபாலோ. நடுவில் ஒரு வயலின் இழுப்புக்கு அவள் அப்படியே நின்றாள். அவனும் எடுத்த காலை வைக்காமல் காத்திருந்தான். சொல்லிக்கொடுத்து வரவைக்க முடியாத நிறுத்தம் அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வழக்கப்படி கடைசிப் பாட்டு லா கும்பர்சீத்தா. அது உருவானது உருகுவேயின் மான்டெவிடியோவில் என்றதும் சிலருக்கு ஆச்சரியம்.

முடிந்ததும் அவர்களுடைய அம்மா வந்து, புடவையில் ஆடலாமா என்று கேட்டார். பின்னோக்கி நடக்கும்போது கொசுவம் குதிகாலில் மாட்டும், சுடிதாரில் வாங்க அம்மா என்றேன். சனிக்கிழமை வருகிறார்.