அறுகோணத்தின் சொந்த ஊர்

‘சரக்கு வந்து சேர்ந்தது’ என்று வெண்பலகையில் அறுகோணத்துக்குள் எழுதி, அம்புக்குறி போட்டு, ‘சரக்கைச் சரிபார்’ என்பதை முனை மழுங்கிய செவ்வகத்துக்குள் எழுதியபோது, புதிதாகச் சேர்ந்த தம்பி, “இதெல்லாம் யார் கண்டுபிடித்தது, அண்ணா?” என்று கேட்டான்.

1992-இல் ஜெர்மனியின் சார்ப்ரூக்கனில், பேராசிரியர் ஆகுஸ்ட்-வில்ஹெல்ம் ஷேரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறை இது; ‘நிகழ்வுசார் செயல்முறைச் சங்கிலி’ (EPC) என்று பெயர். ஒரு நிறுவனத்தின் வேலைகள் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதைப் படமாகக் காட்டும்: அறுகோணம் நிகழ்வு, செவ்வகம் செயல்.

வெஸ்ட்ஃபாலியாவில், டியூட்டோபர்க் காட்டுமலையை ஒட்டிய லீனன் என்னும் சிற்றூரில் 1941-இல் பிறந்த ஷேர், ஹாம்பர்க்கில் படித்து, 1975 முதல் 2005 வரை சார்லாந்து பல்கலைக்கழகத்தில் வணிகத் தகவலியல் கற்பித்தார். 1984-இல் மென்பொருள் நிறுவனமும் தொடங்கினார்.

நிலக்கரியாலும் எஃகாலும் பிழைத்த ஒரு வட்டாரத்துக்கு மென்பொருள் வேலைகளைக் கொண்டுவந்த அந்த வெளியூர்க்காரரைப் பிறந்த ஊரைவிட சார்ப்ரூக்கனோடு சேர்த்தே உலகம் நினைக்கிறது.

(பாரிடோன் சாக்சபோனும் வாசிப்பார் என்றதும்தான் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.)

அடுத்த அறுகோணத்தை அவனே வரைந்தான், சற்றுக் கோணலாக.