மடையானுக்காக மூன்று அலுவலகப் படிகள் ஏறிய கதை

சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் நாட்களில், எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் விடிகாலையில் மடையான் என்னும் குளத்துக் கொக்கையும் மற்றக் கொக்குகளையும் கால்களைக் கட்டி உயிரோடு விற்பதை நிறுத்துவதற்காக, சென்ற பருவத்தில் நானும் நண்பர்கள் இருவரும் அலைந்தோம். விற்பனை முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் எங்களைப்போல் வேறு யாராவது இறங்கினால், நாங்கள் வீணாக்கிய நாட்களாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

முதல் தவறு எங்களுடையதுதான். நண்பர் ஒருவர் மனம் பொறுக்காமல் நான்கு கொக்குகளை விலை கொடுத்து வாங்கி, வாய்க்கால் கரையில் பறக்க விட்டார். மறுநாள் அதே வியாபாரி கூடுதலாகப் பறவைகளைக் கொண்டுவந்து, "நேத்து வந்த சார் இன்னைக்கு வரலையா?" என்று கேட்டார். இரக்கப்பட்டும் வாங்காதீர்கள், சாட்சியத்துக்காகவும் வாங்காதீர்கள், வாங்குவதும் குற்றமே. நாளும் நேரமும் இடமும் பதிவாகும்படி கைப்பேசியில் படம் எடுத்தாலே போதும்.

காவல் நிலையத்தில், "இது பாரஸ்ட் கேஸ், ரேஞ்சர் ஆபீஸ் போங்க" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிக்கும் சோதனையிடவும் கைப்பற்றவும் அதிகாரம் தருகிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். தெரியாததால் இரண்டு பேருந்து மாறி வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் மனுவை மேலோட்டமாகப் பார்த்து, "பட்டா நிலந்தானே சார்? சரணாலயத்துக்குள்ள நடந்தா சொல்லுங்க" என்றார். பறவைகள் சரணாலயங்களான வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே அடையும் பறவைகள் இரை தேடி இறங்குவது சுற்றிலும் உள்ள பட்டா வயல்களில்தான். வேட்டையைத் தடுக்கும் 9ஆவது பிரிவு சரணாலய வேலியோடு நின்றுவிடுவதில்லை என்று நான் விளக்கியதும், அவர் மனுவை மறுபடியும் எடுத்து, என் முகத்தில் அடித்தாற்போல ஒரு பிழையைச் சுட்டினார். பழைய கையேட்டைப் பார்த்து, உயிரினங்களைப் பாதுகாப்பின் அளவுக்கேற்பப் பிரிக்கும் சட்ட அட்டவணைகளில் மடையான் 'நான்காம் அட்டவணை' என்று எழுதியிருந்தேன். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது ஆறு அட்டவணைகள் நான்காகிவிட்டன. மடையான் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அவர் செய்ததில் நியாயமானது அந்த ஒன்றுதான் என்றாலும், அதற்காக ஒரு வாரம் போயிற்று. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் திருத்திய மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிய பிறகே கோப்பு நகர்ந்தது. ரசீது இல்லாமல் எந்த மேசையிலும் மனுவை விட்டு வராதீர்கள்.

இதற்கிடையில் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்தோம். பறவை பாவம் என்று பேசியவரை யாரும் கவனிக்கவில்லை. வரப்பில் வளை போட்டுத் தண்ணீரை வடியவிடும் நண்டை மடையான் தின்கிறது என்று முதிய விவசாயி ஒருவர் எழுந்து சொன்னதும் கைகள் உயர்ந்தன.

வனத்துறையினர் முதல் முறை பத்து மணிக்கு வந்தார்கள். சாலையோரத்தில் இறகுகூட இல்லை. வியாபாரம் ஏழு மணிக்குள் முடிந்துவிடும் என்பதை மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டாம் முறை ஐந்தரை மணிக்கே வந்து, வயலில் நைலான் கண்ணிகளையும் சாக்கு மூட்டைகளையும் பிடித்தார்கள். கைப்பற்றியவற்றைப் பதிவு செய்யும் மகசரில் சாட்சிக் கையெழுத்திட ஊரார் யாரும் முன்வரவில்லை. ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் மாடு கறக்க வேண்டியிருந்தது. கடைசியில் தேநீர்க் கடைக்காரரும் என் நண்பரும் கையெழுத்திட்டார்கள். ஆகவே சாட்சிகளை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணிகளுக்கு நடுவே ஒரு கொக்கு குச்சியில் கட்டப்பட்டு நின்றது. மற்றவற்றைக் கீழே இறக்குவதற்காக வைத்த பார்வைக் கொக்கு அது. ஆள் நெருங்கியும் தலையைத் திருப்பவில்லை. இரண்டு கண்களின் இமைகளும் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தன. கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் நுனிக் கத்தரியால் நூலை வெட்டி எடுக்க, ஒரு கண் திறந்தது. மற்றொன்றில் சீழ் வைத்திருந்தது.

பிடிபட்டவர் அபராதம் கட்டிவிட்டு அன்று மாலையே வீடு திரும்பினார். கூலி வேலை இல்லாத நாட்களில் கண்ணி வைப்பவர் அவர். அவரிடம் காரில் வந்து மொத்தமாக வாங்கிப் போனவர்களின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அந்தக் கார்களின் எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இந்தப் பருவத்து மனு அதிலிருந்துதான் தொடங்குகிறது.